மானிட்டர் தானாக அணைந்து அணைந்து வருகிறது: கேபிளா, பவரா, பேனலா?

கோவைக்கணக்கு:
வணக்கம். வீட்டிலிருந்தே நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். டெஸ்க்டாப், 22 இஞ்ச் எல்இடி மானிட்டர், 2016ல் வாங்கியது, எச்டிஎம்ஐ கேபிளில் ஓடுகிறது. காலையில் ஆன் செய்தால் கம்பெனி லோகோ வரும், உடனே கறுப்பாகிவிடும், மறுபடி லோகோ, மறுபடி கறுப்பு, இப்படிக் கொஞ்ச நேரம் ஆட்டம் காட்டிவிட்டு அப்புறம்தான் நின்று எரியும். பகலில் வேலை நடுவே ஒரு நொடி இரண்டு நொடி கறுப்பாகித் தானே திரும்பி வரும். சில சமயம் மொத்தமாகவே போய்விடும், பட்டனை அழுத்தினால்தான் உயிர் வரும். சிபியு நிற்பதில்லை, திரை கறுப்பாக இருக்கும்போதும் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. விண்டோஸில் ஸ்கிரீன் அணையும் நேரத்தை ‘நெவர்’ என்று வைத்துவிட்டேன், மானிட்டர் மெனுவில் இருந்த ஆட்டோ பவர் ஆஃபையும் நிறுத்திவிட்டேன், பலனில்லை. கடையில் காட்டினால் திறந்துகூடப் பார்க்காமல் “பேனல் போச்சும்மா” என்கிறார்கள். வீட்டுக்காரர் புதுசே வாங்கிவிடலாம் என்கிறார். 20ஆம் தேதிக்குள் எல்லாருக்கும் ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் போட்டாக வேண்டும், பாதியில் திரை போனால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. என்ன செய்யலாம்?

மெட்ராஸ்மழை:
2016ல் வாங்கியதா? அது வாங்கிய காசுக்கு உழைத்துவிட்டது அக்கா. வீட்டுக்காரர் சொல்வதைக் கேளுங்கள். ரிப்பேருக்கு அலைகிற ஆட்டோ காசில் பாதி மானிட்டர் வந்துவிடும்.

வடைசட்டி:
கிராபிக்ஸ் டிரைவர்தான். எனக்கும் இப்படித்தான் ஆனது. டிரைவரை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள், சரியாகவில்லையென்றால் விண்டோஸையே மாற்றிப் போடுங்கள். திரை கறுப்பாகும்போது விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஷிப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள், டிரைவர் மட்டும் மறுபடி கிளம்பும்.

இரவுஷிப்ட்:
அந்த நான்கு விசைக் குறுக்குவழி நல்லதுதான், ஆனால் விண்டோஸை மாற்றச் சொல்வது அவசரம் வடைசட்டி. கிராபிக்ஸ் சிப் இரண்டு நொடிக்கு மேல் பதில் சொல்லாமல் நின்றால் விண்டோஸ் டிரைவரை நிறுத்தி மறுபடி கிளப்பும், விஸ்டா காலத்திலிருந்தே இந்த ஏற்பாடு உண்டு. அப்படி நடந்திருந்தால் ஈவெண்ட் வியூவர் என்ற விண்டோஸ் பதிவேட்டில் சிஸ்டம் பகுதியில் 4101 என்ற எண்ணோடு பதிவாகியிருக்கும். அக்கா, திரை போன நேரத்தைக் குறித்துவைத்துக்கொண்டு அந்த நேரத்தில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டிரைவர் மேல் பழி போட வேண்டாம். இன்னொன்று, காலையில் வந்து வந்து போகும் லோகோ மானிட்டரின் சொந்த லோகோ. அது சிபியு அனுப்பும் படம் இல்லை, மானிட்டர் உள்ளேயே இருப்பது. அதுவே நிற்காமல் போகிறதென்றால் அந்தப் பிரச்சினைக்கும் விண்டோஸுக்கும் சம்பந்தமே இல்லை.

பழையரேடியோ:
தங்கச்சி, மதுரையில் டிவி மெக்கானிக்காகக் காலம் தள்ளியவன் நான், கடையை இப்போது பையன் பார்க்கிறான். முதலில் ஒன்றும் வாங்க வேண்டாம், ஒன்றும் கழற்றவும் வேண்டாம். பவர் பட்டன் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு இருக்கிறதே, திரை போகும் அந்த நேரத்தில் அதைப் பார்த்துச் சொல்லுங்கள். அதுதான் பாதி ரிப்பேர்.

திரை கறுத்துப் போகிறது, ஆனால் விளக்கு வழக்கம்போல நீலமாகவே நிற்கிறது என்றால் மானிட்டர் தான் நன்றாக வேலை செய்வதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறது. அப்போது பின்னால் இருக்கும் பேக்லைட் போயிருக்கலாம், அல்லது படம் ஒரு நொடி அறுந்து மறுபடி பிடித்திருக்கலாம். விளக்கு ஆரஞ்சாக மாறினாலோ மெதுவாக மின்னினாலோ சிபியுவிலிருந்து சிக்னல் வரவில்லை, அதனால் மானிட்டர் தூங்கப் போகிறது. சிக்னல் நின்றால் தூங்கு என்ற முறை 1993ல் மானிட்டர்களுக்குத் தரம் வகுக்கும் வீசா (VESA) அமைப்பு வகுத்தது, இன்றைக்கும் பழக்கம் அதுதான். விளக்கே அணைந்து போகிறது, அல்லது அணைந்து எரிந்து லோகோ வருகிறது என்றால் கரண்ட் போகிறது. பிளக், ஒயர், உள்ளே இருக்கும் பவர் போர்டு, இந்த வரிசையில் பார்க்க வேண்டும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. கடைக்காரர் இது எதையும் பார்க்காமல் பேனல் என்றால், அவர் புது மானிட்டர் விற்கப் பார்க்கிறார் என்று அர்த்தம்.

திரை கறுப்பாகி விளக்கு நீலமாகவே நின்றால் ஒரு டார்ச்சைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் சாய்வாக அடித்துப் பாருங்கள். ஐகானோ எழுத்தோ மங்கலாகத் தெரிந்தால் பேனல் உயிரோடு இருக்கிறது, வெளிச்சம் மட்டும்தான் போயிருக்கிறது.

மெட்ராஸ்மழை:
ஐயா, வேலைக்கு நடுவில் யார் விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது?

இரவுஷிப்ட்:
போனை எதிரே நிறுத்தி வீடியோ ஓடவிட்டால் போதும். நான் அலுவலகத்தில் இதைத்தான் செய்வேன்.

கோவைக்கணக்கு:
போனை டம்ளரில் சாய்த்து வைத்து வீடியோ எடுத்தேன். பார்த்தது எல்லாவற்றையும் அப்படியே எழுதுகிறேன், தப்பாக நினைக்காமல் படியுங்கள்.

காலையில் லோகோ வந்து போகும்போது விளக்கும் கூடவே அணைந்து எரிகிறது. மார்கழி பிறந்ததிலிருந்து இது மோசமாகிவிட்டது, வெயில் காலத்தில் இவ்வளவு இல்லை. பகலில் மொத்தமாகப் போகிறதே, அப்போதும் விளக்கு அணைந்துவிடுகிறது, அது மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரைப் போடும் நேரத்தோடு ஒத்துப்போகிறது. ஆனால் இந்த ஒரு நொடிக் கறுப்பு இருக்கிறதே, அதில் விளக்கு அணைவதில்லை, நீலமாகவே நிற்கிறது, எப்போதாவது கண்ணிமைக்கும் நேரம் ஆரஞ்சாகிவிட்டு நீலத்துக்கு வருகிறது. அது எப்போது வருகிறது தெரியுமா? நான் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும்போது! முதலில் தற்செயல் என்று நினைத்தேன், வீடியோவில் பார்த்தால் நான் எழுந்ததும் திரை போகிறது. எழுந்தாலே போய்விடும் என்று சொல்லவில்லை, ஆனால் போனதெல்லாம் எழும்போதுதான்.

ஈவெண்ட் வியூவரில் 4101 எங்கேயும் இல்லை.

வடைசட்டி:
அக்கா எழுந்தால் மானிட்டர் மரியாதைக்குத் தலை குனிகிறது 😄 நாற்காலிக்கும் மானிட்டருக்கும் என்ன ஒட்டு உறவு?

இரவுஷிப்ட்:
சிரிக்காதே, இது நிஜம். கேஸ் சிலிண்டர் வைத்த சுழல் நாற்காலியில் உட்காரும்போதும் எழும்போதும் நிலைமின்சாரம் சேர்ந்து உலோகப் பாகங்களுக்கு நடுவே பொறியாகப் பாயும். அந்தப் பொறியிலிருந்து ரேடியோ அலை கிளம்பும், பக்கத்தில் ஓடும் வீடியோ கேபிள் அதை ஆன்டெனா மாதிரி பிடித்துக்கொள்ளும். எச்டிஎம்ஐ ஓடிக்கொண்டிருக்கும்போது சில பிட்டுகள் கெட்டுப்போனால் மானிட்டர் படத்தின் தாளத்தைத் தவறவிட்டு மறுபடி பிடிக்கும், அதற்குத்தான் அந்த ஒரு நொடி இரண்டு நொடி. டிஸ்பிளேலிங்க் நிறுவனம் தன் உதவிப் பக்கத்திலேயே நாற்காலி விஷயத்தை எழுதி வைத்திருக்கிறது. எங்கள் ஆபீஸில் ஒருவர் எழுந்தால் பக்கத்து மேஜைக்காரர் திரை போகும், இவர் வேண்டுமென்றே செய்கிறார் என்று இரண்டு பேருக்கும் சண்டையே வந்தது.

ஆக அக்காவுக்கு இரண்டு பிரச்சினைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. விளக்கு அணைவது ஒன்று, விளக்கு எரியும்போதே படம் போவது இன்னொன்று. இதையும் அதையும் சேர்த்துப் பார்த்தால் தலையும் புரியாது வாலும் புரியாது. கேபிள் எவ்வளவு நீளம், எப்படிப் போகிறது? சிபியு பெட்டியைத் தொட்டால் கையில் சுர்ரென்று அடிக்கிறதா?

பழையரேடியோ:
நாற்காலி விஷயத்தை இரவுஷிப்ட் தம்பி பார்த்துக்கொள்ளட்டும். விளக்கு அணைகிற விஷயத்துக்கு வருகிறேன். மானிட்டர் எந்தப் பிளக்கில் இருக்கிறது? சிபியு யுபிஎஸ்ஸிலும் மானிட்டர் நேர் லைனிலுமா?

கோவைக்கணக்கு:
எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? யுபிஎஸ் பின்னால் சிபியுவும் மோடமும் மாட்டியிருக்கிறது, மானிட்டர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில். கேபிள் நீளமானது, 5 மீட்டர் என்று அட்டையில் போட்டிருந்தது, மீதியைச் சுருட்டி மேஜைக்கு அடியில் எல்லா ஒயரோடும் சேர்த்துக் கட்டியிருக்கிறேன். சிபியு பெட்டி சுர்ரென்று அடிக்கும், அதனால்தான் செருப்புப் போட்டுக்கொண்டு உட்காருகிறேன்.

யாழ்வாசி:
அண்ணை, இடையில வாறதுக்கு மன்னிக்கோணும். எனக்கும் உதே பிரச்சினை. பழைய 19 இஞ்ச் சதுர மொனிட்டர், 2009 அளவில் வாங்கினது. போட்டவுடனை படம் வரும், ரெண்டு செக்கன் நிண்டு கறுத்திடும், லைட் பச்சையாத்தான் நிக்குது. டோர்ச் அடிச்சுப் பார்த்தன், படம் மங்கலாத் தெரியுது. 2022ல கரண்ட் கட் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் போனதெல்லோ, அந்தக் காலத்துக்குப் பிறகுதான் உது தொடங்கினது.

பழையரேடியோ:
தம்பி, உங்களுடையது கணக்கு அக்காவுடையது மாதிரி இல்லை. 2009 சதுர மானிட்டர் என்றால் உள்ளே எல்இடி கிடையாது, பென்சிலைவிட மெலிந்த டியூப் லைட் மேலும் கீழும் இருக்கும். அதை எரிக்க இன்வெர்ட்டர் என்று ஒரு பகுதி பல நூறு வோல்ட்டை உண்டாக்கும். ஏதாவது ஒரு டியூப் வயசாகி எடுக்க வேண்டிய கரண்டை எடுக்காவிட்டால் இன்வெர்ட்டர் ஒரு நொடி இரண்டு நொடி பார்த்துவிட்டுப் பாதுகாப்புக்காகத் தானே நிறுத்திக்கொள்ளும். படம் வந்து இரண்டு செக்கனில் போவது அதற்கு முத்திரை குத்தின அடையாளம். இதற்கு முன்னால் போட்டதும் திரை சிவப்பாகவோ பழுப்பாகவோ தெரிந்து மெல்ல வெளுத்ததா?

யாழ்வாசி:
ஓம் அண்ணை, காலமை போட்டா ஒரு பக்கம் சிவப்பாத்தான் இருந்தது. நான் கலர் செட்டிங் எண்டு நினைச்சன்.

பழையரேடியோ:
அப்படியானால் டியூப். டியூபுக்குப் பதில் ஒட்டும் எல்இடி பட்டை செட் கிடைக்கிறது, ஆனால் பேனலைப் பிரிக்க வேண்டும், ஒரு தூசி உள்ளே போனால் காலத்துக்கும் அங்கேயே நிற்கும். அந்த வயசு மானிட்டருக்கு நான் செய்ய மாட்டேன், அங்கே மெட்ராஸ்மழை சொல்வதுதான் சரி. கரண்ட் கட்டைக் குறை சொல்ல முடியாது, அடிக்கடி போட்டு அணைத்தால் டியூபுக்கு ஆயுசு குறையும் என்பது மட்டும் உண்மை.

இப்போது கணக்குத் தங்கச்சிக்கு. குளிரில் மோசம், சூடானதும் சரி, மோட்டார் போட்டால் போகிறது. மூன்றும் சேர்ந்தால் எனக்குக் கண்டென்சர் நினைப்புதான் வரும். பவர் போர்டில் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் இருக்கும், உள்ளே ஈரமான ரசாயனம், வருஷக்கணக்கில் சூட்டில் அது காயும். காய்ந்துபோன கண்டென்சர் குளிரில் இன்னும் மந்தமாகும், போர்டு கிளம்பப் பார்க்கும், வோல்டேஜ் நிற்காது, விழும், மறுபடி கிளம்பப் பார்க்கும். உங்கள் லோகோ ஆட்டம் இதுதான். நாலு முறை முயன்று கொஞ்சம் சூடேறியதும் பிடித்துக்கொள்கிறது.

மோட்டார் கதை கொஞ்சம் வேறு. 50 சைக்கிள் கரண்டில் போர்டில் இருக்கும் பெரிய கண்டென்சர் 10 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை நிரம்பும், நடுவில் அதுதான் தாங்கும். மோட்டார் கிளம்பும்போது வீட்டு வோல்டேஜ் சட்டென்று இறங்கி ஏறும். புது மானிட்டர் அந்தக் குழியைத் தெரியாமல் தாண்டிவிடும், சத்துப் போன கண்டென்சர் தாண்டாது. அதோடு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். முதல் வேலையாக மானிட்டரை யுபிஎஸ்ஸுக்கு மாற்றுங்கள், மோடத்தை வெளியே போடுங்கள். 22 இஞ்ச் எல்இடி மானிட்டர் சும்மா 20, 25 வாட்தான் எடுக்கும், யுபிஎஸ்ஸுக்குச் சுமையே இல்லை. கூடவே வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து வைத்துப் பாருங்கள். வெளிச்சம் குறைந்ததும் தொந்தரவும் குறைந்தால் பவர் பக்கம்தான் என்று இன்னும் உறுதி.

கோவைக்கணக்கு:
யுபிஎஸ்ஸுக்கு மாற்றியதும் மோட்டார் பிரச்சினை நின்றுவிட்டது. மாடிக்கு ஆளை அனுப்பி வேண்டுமென்றே மோட்டாரைப் போட்டு நிறுத்திப் பார்த்தேன், அசையவில்லை. வெளிச்சத்தைக் குறைத்தால் காலை ஆட்டம் பாதியாகிறது, ஆனால் முழுக்க நிற்கவில்லை. நாற்காலிப் பிரச்சினை அப்படியே இருக்கிறது. என் தம்பி ஐடிஐயில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன், ஞாயிற்றுக்கிழமை வருகிறான். திறக்கலாமா?

மெட்ராஸ்மழை:
ஷாக் அடித்து ஆஸ்பத்திரிக்குப் போனால் மானிட்டர் விலையைவிட அதிகம் ஆகும் அக்கா. சொல்லிவிட்டேன்.

பழையரேடியோ:
இந்தப் பயம் நியாயமான பயம், மெட்ராஸ்மழை சொல்வதை அலட்சியம் செய்ய வேண்டாம். 230 வோல்ட் ஏசியை நேராக்கினால் கிட்டத்தட்ட 325 வோல்ட் டிசி. பெரிய கண்டென்சரில் அது பிளக்கைப் பிடுங்கின பிறகும் நிற்கும். அதனால் உங்கள் தம்பிக்குச் சொல்லுங்கள்: பவர் கார்டை மானிட்டரிலிருந்தே கழற்ற வேண்டும், சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. கொஞ்ச நேரம் விட்டு, திறந்ததும் முதலில் மல்டிமீட்டரை டிசி 600ல் வைத்துப் பெரிய கண்டென்சர் இரண்டு காலிலும் பார்க்க வேண்டும். வோல்ட் இருந்தால் ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பட்டென்று ஷார்ட் செய்யும் வீர சாகசம் வேண்டாம், கண்டென்சரும் போகும், கண்ணுக்கும் ஆபத்து. ஹோல்டரில் ஒரு 60 வாட் குண்டு பல்ப் மாட்டி அதன் இரண்டு ஒயரைக் காலில் தொட்டால் சத்தமில்லாமல் இறங்கும். மறுபடி மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் விரலை வைக்க வேண்டும்.

முகப்பு பிளாஸ்டிக் சட்டம் கிளிப்பில்தான் நிற்கும். பழைய ஏடிஎம் கார்டை நுழைத்துக் கீழ்ப் பக்கத்திலிருந்து தொடங்கட்டும். படக் படக்கென்று சத்தம் வரும், உடைந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். பேனலுக்குப் போகும் பட்டை ஒயரை இழுக்கக் கூடாது, அதன் லாக்கை இரண்டு பக்கமும் அழுத்தித்தான் எடுக்க வேண்டும். கண்டென்சர் தலையில் கீறல் குறி இருக்கும், அந்தத் தலை தட்டையாக இருக்க வேண்டும். தடவிப் பார்த்தாலே உப்பல் தெரியும்.

கோவைக்கணக்கு:
திறந்தோம். ஐயா சொன்ன மாதிரியே! பவர் போர்டில் அலுமினிய ஹீட் சிங்க்குக்குப் பக்கத்தில் வரிசையாக நாலு கண்டென்சர், அதில் 470 மைக்ரோ 25 வோல்ட் என்று எழுதினது இரண்டும் தலை உப்பிக் குடுமி வைத்த மாதிரி இருக்கின்றன, ஒன்றின் அடியில் பழுப்பு நிறத்தில் பிசின் மாதிரி ஒட்டியிருக்கிறது. 1000 மைக்ரோ 16 வோல்ட் இரண்டும் பார்வைக்கு நன்றாக இருக்கின்றன. பெரிய கண்டென்சர் 450 வோல்ட், அதுவும் தட்டையாகத்தான் இருக்கிறது, மீட்டரில் பார்த்தபோது வோல்ட் இறங்கிப் போயிருந்தது, இருந்தாலும் பல்பை வைத்துத் தொட்டான். கெட்ட இரண்டை மட்டும் மாற்றலாமா, நாலையும் மாற்ற வேண்டுமா?

இரவுஷிப்ட்:
நாலையும் மாற்றுங்கள், கூடவே பெரியதையும். உப்பாத கண்டென்சர் நல்ல கண்டென்சர் என்று அர்த்தமில்லை, உப்பாமலே காய்ந்துபோகும். கண்டென்சரின் உள் தடையை, அதாவது இஎஸ்ஆரை, அளக்கும் மீட்டர் இருந்தால்தான் தெரியும், அது வீட்டில் யாரிடம் இருக்கிறது? அதே மைக்ரோ அளவு, அதே வோல்ட் அல்லது அதற்கு மேல், 105 டிகிரி, லோ இஎஸ்ஆர் வகை. உயரமும் தடிமனும் பாருங்கள், வோல்ட் கூடினால் உருவமும் கூடும், பின் மூடி மூடாமல் போய்விடும். சென்னை என்றால் ரிச்சி தெருவில் வாங்கித் தருவேன், கோவையில் டிவி உதிரி பாகக் கடைகளில் கேளுங்கள். ஒன்று பத்து இருபது ரூபாய்க்கு மேல் போகாது. ரொம்ப மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள், பழைய கண்டென்சருக்குப் புதுச் சட்டை போட்டு விற்பவர்களும் உண்டு.

பழையரேடியோ:
பக்கவாட்டில் கோடு போட்ட கால் மைனஸ். போர்டில் எந்தப் பக்கம் மைனஸ் என்று பழையதை எடுப்பதற்கு முன்னால் போனில் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாற்றி வைத்தால் வெடிக்கும், சும்மா சொல்லவில்லை. பழைய ஈயம் சுலபத்தில் இளகாது, கொஞ்சம் புது ஈயத்தை மேலே உருக்கிவிட்டு அப்புறம் பம்ப் வைத்து உறிஞ்சினால் ஓட்டை சுத்தமாக வரும். அந்தப் பழுப்புப் பிசின் சில போர்டில் கம்பெனியே ஒட்டின பசையாக இருக்கும், சில இடத்தில் கண்டென்சர் கசிந்ததாக இருக்கும். எதுவாக இருந்தாலும் ஸ்பிரிட் தொட்டு பிரஷ்ஷால் துடைத்துவிடச் சொல்லுங்கள். துடைத்து முடித்து நன்றாகக் காய்ந்த பிறகுதான் மூட வேண்டும்.

வடைசட்டி:
நான் பாப்கார்னோடு உட்கார்ந்திருக்கிறேன். முடிவைச் சீக்கிரம் சொல்லுங்கள் அக்கா.

கோவைக்கணக்கு:
நாலும் பெரியதும் மாற்றியாகிவிட்டது. முதலில் தம்பி நேரடியாக லைனில் போடாமல் ஒரு பல்பைத் தொடரில் வைத்துப் போட்டான், பல்ப் ஒரு நொடி மின்னிவிட்டு மங்கியது, “ஷார்ட் இல்லை” என்று சொல்லிவிட்டுத்தான் மூடினான். மறுநாள் காலை நல்ல குளிர், பட்டனைத் தொட்டேன், ஒரே ஒரு லோகோ, அப்புறம் படம். ஆசைக்கு யுபிஎஸ்ஸிலிருந்து கழற்றிப் பழைய பாக்ஸில் மாட்டி மோட்டாரைப் போட்டுப் பார்த்தேன், அப்போதும் நிற்கிறது. வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை 🙂

நாற்காலிப் பேய் மட்டும் போகவில்லை. எச்டிஎம்ஐயில் 8கே கேபிள் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், அதை வாங்கினால் சரியாகும் என்று கடையில் சொல்கிறார்கள். வாங்கலாமா?

இரவுஷிப்ட்:
வேண்டாம். உங்கள் மானிட்டர் 1080பி, 60 ஹெர்ட்ஸ். அதற்கு நொடிக்கு நாலரை கிகாபிட் போனால் போதும். அந்த 8கே கேபிள் 48 கிகாபிட்டுக்கானது. உங்களுக்கு வேண்டியது வேகம் இல்லை, கவசம். கேபிளுக்குள் ஒயர்களைச் சுற்றி உலோகப் பின்னலும் தகடும் ஒழுங்காக இருந்தால் வெளி அலை உள்ளே போகாது. மலிவான நீளக் கேபிள்களில் அதைத்தான் முதலில் மிச்சம் பிடிப்பார்கள். ஒன்றரை மீட்டரில் கெட்டியான ஒரு சாதாரணக் கேபிள் வாங்குங்கள். சுருட்டி வைக்காதீர்கள், பவர் ஒயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். மானிட்டர் முனையில் மாட்ட இரண்டாகத் திறக்கும் ஃபெரைட் மணி ஒன்று கிடைக்கும், அதையும் போடுங்கள்.

ஆனால் இதைவிட முக்கியம் உங்கள் எர்த். சிபியு பெட்டி சுர்ரென்று அடிக்கிறது என்றீர்களே. எர்த் இல்லாத வீட்டில் சிபியுவின் பவர் பெட்டியான எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கும் ஃபில்டர் கண்டென்சர் வழியாகப் பெட்டி கிட்டத்தட்ட பாதி வோல்டேஜில் மிதந்துகொண்டிருக்கும். கரண்ட் ரொம்பக் கம்மி என்பதால் சுர்ரென்பதோடு நிற்கிறது. அதே பெட்டியோடுதான் எச்டிஎம்ஐ கவசம் இணைந்திருக்கிறது, அந்தக் கவசம் எங்கே போய் நிம்மதியாக நிற்கும்? பிளக் பாயிண்டில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பாருங்கள்.

கோவைக்கணக்கு:
தம்பி பார்த்தான். ஃபேஸ் நியூட்ரல் 228, ஃபேஸ் எர்த் 90 சொச்சம், நிற்காமல் ஆடுகிறது.

பழையரேடியோ:
90 என்பது பேய் வோல்டேஜ், டிஜிட்டல் மீட்டர் காற்றில் நிற்கும் ஒயரிலும் ஏதாவது ஒரு எண்ணைக் காட்டும். எர்த் அங்கே வந்து சேரவில்லை என்று அர்த்தம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், இதைத் தம்பி செய்ய வேண்டாம். அவர் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் பல்பைப் பிடித்துப் பார்ப்பார். வீட்டில் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் லைனை அணைக்கும் சுவிட்ச், இருந்தால் அப்படிப் பார்க்கும்போது எர்த் நன்றாக இருந்தால் டிரிப் ஆகும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

ஆட்டக்காரன்99:
நானும் கேட்டுவிடுகிறேன். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், டிஸ்பிளே போர்ட், கேம் ஆடும்போது மட்டும் ஒரு நொடி கறுப்பாகிறது. நாற்காலியில் ஆணி அடித்த மாதிரிதான் உட்கார்ந்திருக்கிறேன்.

இரவுஷிப்ட்:
மானிட்டர் மெனுவில் அடாப்டிவ் சிங்க்கை, அதாவது கேமின் வேகத்துக்குத் திரையின் வேகத்தை மாற்றும் வசதியை, நிறுத்திவிட்டு ஆடிப் பாருங்கள், பிரேம் எண்ணிக்கை அடிமட்டத்துக்கு இறங்கி ஏறும்போது சில மானிட்டர்கள் தடுமாறும். அதில் நிற்கவில்லையென்றால் 60 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். 60ல் நன்றாக ஓடி 144ல் போனால் கேபிள். டிஸ்பிளே போர்ட் கேபிளில் 20ஆம் பின் 3.3 வோல்ட் வருவது, சாதாரணக் கேபிளில் அது முனைக்கு முனை இணைந்திருக்கவே கூடாது. சில மலிவுக் கேபிள்களில் இணைத்துவிடுவார்கள், மானிட்டரிலிருந்து கரண்ட் கிராபிக்ஸ் கார்டுக்குள் திரும்பிப் போகும், சிபியு அணைந்த பிறகும் என்னென்னவோ விளையாட்டுக் காட்டும். மேலே விவரம் வேண்டுமென்றால் தனி இழை தொடங்குங்கள், கணக்கு அக்கா இழையில் வேண்டாம்.

கோவைக்கணக்கு:
எலக்ட்ரீஷியன் வந்தார். பிளக் பாயிண்டைக் கழற்றினால் பச்சை ஒயர் பெட்டிக்குள் சுருண்டு கிடக்கிறது, பாயிண்டில் மாட்டவே இல்லை, வீடு கட்டிய நாளிலிருந்து அப்படித்தான் இருந்திருக்கிறது போல. மாட்டினார், ஃபேஸ் எர்த் 226க்கு வந்துவிட்டது. தளர்ந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் தூக்கிப் போட்டாயிற்று. சிபியு பெட்டி இப்போது சுர்ரென்பதில்லை. புதுக் கேபிள் போடுவதற்கு முன்பே எழுந்து எழுந்து உட்கார்ந்து பார்த்தேன், கறுப்பு ரொம்பக் குறைந்துவிட்டது, கேபிளும் மணியும் போட்ட பிறகு வரவே இல்லை. எல்லாருடைய 3பியும் போட்டு முடித்தாயிற்று.

வெளியில் எர்த் குழி ஒன்று இருக்கிறது, மேலே சிமெண்ட் மூடி. அதில் ஏதாவது செய்ய வேண்டுமா ஐயா?

பழையரேடியோ:
மூடியைத் திறந்து பாருங்கள். பைப் முனையில் ஒயர் மாட்டின நட் துருவேறியிருந்தால் எலக்ட்ரீஷியனை வைத்துச் சுரண்டிப் புது நட் போடச் சொல்லுங்கள். சித்திரை வைகாசியில் மண் காய்ந்துவிடும், அப்போது அவ்வப்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். உப்பும் கரியும் போட்டுப் பழைய முறையில் வைத்த குழியாக இருந்தால் எத்தனை வருஷம் ஆச்சு என்று கேட்டு எழுதுங்கள், பைப் அரித்திருக்குமா என்று பார்க்கலாம்.